நிலாக்கற்றையும் ஒரு வினைச்சொல்லும்

சற்றே நீண்ட பதிவு. ஒரு விளையாட்டில் தொடங்கி, இலக்கணத்துக்குள் சென்று, என் பிழையொன்றை ஒப்புக்கொள்வதில் முடிகிறது. பொறுமையுள்ளவர்கள் தொடரலாம்.

எங்கள் வீடு மெட்டுகுடாவில், ரயில்வே குடியிருப்பில் இருக்கிறது. தென்னக ரயில்வேயிலிருந்தும் மத்திய ரயில்வேயிலிருந்தும் சில கோட்டங்களைப் பிரித்து 1966 அக்டோபர் 2 அன்று தெற்கு மத்திய ரயில்வே உருவாக்கப்பட்டது. செகந்திராபாத் அதன் தலைமையிடம் ஆனபோது இங்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. தாத்தாவுக்குப் பின் அப்பாவும் ரயில்வேயில்தான். மூன்றாம் தலைமுறையான எங்களுக்குத் தமிழ் வீட்டு மொழி. பள்ளியில் அது கிடையாது. என் வயதொத்தவர்களில் பலர் தமிழில் சண்டை போடுவார்கள், தமிழில் ஒரு பக்கம் படிக்கச் சொன்னால் விழிப்பார்கள். நான் மொழியியலுக்கு வந்ததற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். தமிழில் காலத்தை உணர்த்தும் துணைவாக்கியங்கள், அதாவது 'வரும்போது', 'வந்ததும்', 'வந்தவுடன்' போன்றவை, என் முனைவர் பட்ட ஆய்வின் பொருள். இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நடந்த பிழைக்கு அது தொடர்புடையது.

சனிக்கிழமை இரவுகளில் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஐந்து பேர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுவோம். அறியாதவர்களுக்கு ஓர் அறிமுகம்: கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி 1974-இல் அமெரிக்காவில் வெளியான ஆட்டம் இது. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்று, அவர் பேசுவதையும் செய்வதையும் சொல்லுவார். மற்ற எல்லாவற்றையும், பகைவர், ஊர், வானிலை உட்பட, ஒருவர் நடத்துவார். எங்கள் மேசையில் அந்தப் பொறுப்பு என்னுடையது. வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் இருபது முகப் பகடை தீர்மானிக்கிறது. ஒரு கதைமாந்தரோடு ஆண்டுக்கணக்கில் ஆடுவது வழக்கம். ஆகவே அவர் இறந்துபோனால் ஆட்டக்காரருக்கு உண்மையாகவே வலிக்கும்.

ஐவரில் ஒருவன் மாடிவீட்டுத் தம்பி. அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. தெலுங்கும் ஆங்கிலமும் நன்றாகப் படிப்பான். தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிப்பான். "எப்படியாவது அவனைத் தமிழ் படிக்க வெச்சுடும்மா" என்று அவன் அம்மா என்னிடம் கேட்டிருந்தார். கதைப்புத்தகம் கொடுத்தேன், தொடவில்லை. பின்னர் ஓர் உபாயம் தோன்றியது. ஆட்ட விதிகளில் எங்களுக்கு அடிக்கடி தேவைப்படுபவற்றைத் தமிழில் எழுதி, பதினாறு பக்கக் குறிப்பேடாகத் தைத்து, அவனிடம் கொடுத்தேன். அதை அவன் படித்தான். விரலை வரியின்மேல் வைத்து, மூன்று வாரங்களில் முழுவதையும் படித்து முடித்தான். அவன் தானாக விரும்பிப் படித்த முதல் தமிழ் எழுத்து அதுதான் என்று அவன் அம்மா சொன்னபோது எனக்கு ஏற்பட்ட பெருமையை இங்கே மறைக்க விரும்பவில்லை.

இனி, சண்டையில் காலம் எவ்வாறு ஓடுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். சண்டை தொடங்கியதும் எல்லோரும் பகடை உருட்டி வரிசை அமைத்துக்கொள்வார்கள். அந்த வரிசைப்படி ஒருவர் பின் ஒருவராகத் தம் முறையை ஆடுவார்கள். எல்லோரும் ஆடி முடித்தால் ஒரு சுற்று. கதைக்குள் அந்தச் சுற்றின் நீளம் ஏறத்தாழ 6 வினாடி. மேசையில் நாம் இருபது நிமிடம் ஒருவர் பின் ஒருவராக ஆடினாலும், கதையில் எல்லாமே அந்த ஆறு வினாடிக்குள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. இந்த அளவு எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1978-இல் வந்த விதிநூலில் ஒரு சுற்று ஒரு நிமிடம். அது ஆறு ஆறு வினாடிகளாகப் பத்துக் கூறாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒரு மந்திரத்தைச் சொல்லி முடிக்க இத்தனை கூறு ஆகும் என்று கணக்கிருந்தது. சொல்லி முடிப்பதற்குள் அடிபட்டால் மந்திரம் வீணாகும். அதாவது மந்திரவாதி வாயைத் திறப்பதற்கும் தீங்கு விளைவதற்கும் இடையே பிறர் புகுந்து தடுக்க ஓர் இடைவெளி இருந்தது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து சுற்று ஆறு வினாடியாகச் சுருங்கியது. பெரும்பாலான மந்திரங்கள் சொன்ன முறையிலேயே பலித்தன.

வெடித்து மறையும் மந்திரங்களில் இதனால் சிக்கல் இல்லை. தீக்கோளம் வெடிக்கிறது, அந்தக் கணமே சேதம், கணக்கு முடிந்தது. சிக்கல், ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் மந்திரங்களில்தான். 'மூன்பீம்' என்று ஒன்று உண்டு. எங்கள் குறிப்பேட்டில் அதற்கு 'நிலாக்கற்றை' என்று பெயர் வைத்தேன். பத்தடி அகலமும் நாற்பது அடி உயரமும் கொண்ட வெண்ணிற ஒளித்தூண் வானிலிருந்து இறங்கி, அதிகபட்சம் ஒரு நிமிடம் நிற்கும். மந்திரவாதி அதைத் தன் முறைதோறும் அறுபது அடிவரை நகர்த்தலாம். அதற்குள் அகப்பட்டவருக்கு இரண்டு பத்துமுகப் பகடைகள் காட்டும் அளவு சேதம். தாங்குதிறன் உருட்டலில் வென்றால் பாதி.

சரி, சேதம் எப்போது? ஒளித்தூண் ஆறு வினாடியும் அங்கே நிற்கிறது. அதற்குள் இருப்பவர் ஆறு வினாடியும் எரிகிறார். ஆனால் மேசையில் தொடர்ந்து எரிய முடியாது. ஏதோ ஒரு கணத்தில் பகடையை உருட்டியாக வேண்டும். மொழியியல் மாணவர்களுக்கு இந்தச் சிக்கல் அறிமுகமானதே. ஜெனோ வெண்ட்லர் 1957-இல் எழுதிய 'வினைகளும் காலங்களும்' என்ற கட்டுரையில் ஆங்கில வினைகளை நால்வகையாகப் பிரித்தார். 'இருத்தல்' போன்றவை நிலைகள். அவற்றுக்கு நீளம் உண்டு, ஆனால் 'இந்தக் கணத்தில் நிகழ்ந்தது' என்று சுட்ட உள்ளே ஒரு புள்ளி கிடையாது. 'நுழைதல்' போன்றவை கணநிகழ்வுகள். அவற்றுக்குப் புள்ளி மட்டுமே உண்டு, நீளம் இல்லை. சேதத்தைக் கணக்கிட விதி எழுதுபவருக்குப் புள்ளி வேண்டும். நுழைவு தானாகவே ஒரு புள்ளி. உள்ளே இருத்தலுக்குப் புள்ளி இல்லாததால் வெளியிலிருந்து ஒன்றைக் கடன் வாங்க வேண்டும். 2014-ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பு, முறையின் தொடக்கத்தைக் கடன் வாங்கியது. அதன்படி நிலாக்கற்றை இரு தருணங்களில் சுடும்: ஓர் உயிர் ஒரு முறையில் முதன்முதலாக அதற்குள் நுழையும்போது, அல்லது தன் முறையை அதற்குள் தொடங்கும்போது.

நம் வீட்டு ஆட்டங்களோடு ஒப்பிட்டால் இதன் புதுமை விளங்கும். பரமபதத்தில் பாம்பின் தலையில் காய் வந்து விழும் கணத்தில் கடி. அங்கேயே தங்கி இருமுறை கடிபட வழியில்லை. தாயத்தில் எதிராளி தன் முறையில் நம் காய் இருக்கும் கட்டத்துக்கு வந்தால் வெட்டு. மலையில் இருந்தால் வெட்டு இல்லை. இரண்டிலும் தீங்கு என்பது வந்துசேரும் நிகழ்வு மட்டுமே. ஓரிடத்தில் இருப்பதனாலேயே தொடர்ந்து விளையும் தீங்குக்கு இந்த ஆட்டங்களில் இடமில்லை. ஆகவே அந்த விதியைத் தமிழில் எழுதியபோது எனக்குக் கைகொடுக்கப் பழகிய சொற்றொடர் எதுவும் இருக்கவில்லை.

முதல் தடுமாற்றம் 'முறை' என்ற சொல்லிலேயே வந்தது. ஆட்டத்தில் நம் வாய்ப்பு வருவதும் முறை; எத்தனை தடவை என்பதும் முறை. 'ஒரு முறையில் முதல் முறையாக' என்று எழுதிப் பார்த்தேன்; எனக்கே சிரிப்பு வந்தது. ஒன்றை 'முதன்முதலாக' என்று மாற்றினேன். அடுத்தது, யாருடைய முறை என்பது. ஆங்கில மூலத்தில் முதற்பகுதி 'ஒரு முறையில்' என்கிறது, இரண்டாம் பகுதி 'தன் முறையை' என்கிறது. இந்த வேறுபாடு தற்செயலானதன்று. 'ஒரு முறை' என்றால் எவருடைய முறையும் ஆகலாம். என் நண்பர் தம் முறையில் பகைவனை ஒளித்தூணுக்குள் தள்ளினால் அப்போது ஒரு சேதம். பகைவனின் முறை தொடங்கும்போது இன்னொரு சேதம். ஆங்கிலத்தில் வேகமாகப் படிப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள். தமிழில் 'தன்' என்ற சொல் வாக்கியத்தின் எழுவாயையே சுட்டும் இயல்புடையது. 'அதன்' என்று எழுதினால் வேறொன்றைச் சுட்ட இடமுண்டு. எனவே 'எவருடைய முறையாயினும்' என்பதையும் 'தன் முறை' என்பதையும் எதிரெதிராக வைத்தபோது, மூலத்தைவிடத் தெளிவான வாக்கியம் கிடைத்தது. அதில் எனக்கு நிறைவு.

அந்த நிறைவில்தான் வினைச்சொல்லில் சறுக்கினேன். மூலத்தில் உள்ள வினைக்கு நேரான சொல் 'நுழை'. அது எனக்குச் சற்று எளிமையாகத் தோன்றியது. பின்கட்டு வழியாகப் பூனை நுழைவதுபோல ஒலித்தது. மந்திரத்துக்கு ஒரு கம்பீரம் வேண்டாமா? ஆகவே இப்படி எழுதினேன்: 'எவருடைய முறையாயினும், ஓர் உயிர் அம்முறையில் முதன்முதலாக நிலாக்கற்றைக்கு உள்ளாகும்போதும், தன் முறையை அதனுள் தொடங்கும்போதும் சேதமடையும்.' உள்ளாகு. அழகான சொல். 'உள்' என்ற இடப்பொருள் அதில் இருக்கிறது. துன்பத்துக்கு உள்ளாதல், விமரிசனத்துக்கு உள்ளாதல் என்று பாதிப்படையும் பொருளும் இருக்கிறது. இரண்டும் ஒரே சொல்லில் கிடைத்ததே என்று மகிழ்ந்தேன். அதில் இல்லாத ஒன்றை நான் கவனிக்கவில்லை.

2024 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. வெளியே மழை, மின்சாரம் ஒருமுறை போய்வந்திருந்தது. கதையில் எங்கள் குழு ஒரு பாழடைந்த கோட்டைக்குள் ஒரு சூனியக்காரியை எதிர்கொண்டிருந்தது. தம்பியின் கதைமாந்தன் ஒரு திருடன். ஒன்றரை ஆண்டுகளாக அவன் வளர்த்தவன். அவனுக்கென்று ஒரு தாயும், கடனும், ஊர்ப்பகையும் எழுதி வைத்திருந்தான். திருடனுக்கு அப்போது எஞ்சியிருந்தவை ஏழு உயிர்ப்புள்ளிகள். சூனியக்காரியின் முறை. நான் ஒளித்தூணை நகர்த்தி நேராகத் திருடன் நின்ற இடத்தில் நிறுத்தினேன். "ஒளிக்கு உள்ளாகிறாய், உருட்டு" என்றேன். தாங்குதிறன் உருட்டலில் தோற்றான். சேதம் பதினொன்று. திருடன் நினைவிழந்து விழுந்தான்.

அடுத்தது என் தோழியின் முறை. அவள் கணிதத்தில் ஆய்வு செய்பவள், ஆட்டத்தில் குழுவின் பூசாரி. குணப்படுத்தும் மந்திரங்கள் எல்லாம் தீர்ந்திருந்தன. விழுந்தவனை இழுப்பதா, சூனியக்காரியை அடித்து அவள் மனஒருமையைக் கலைப்பதா என்று யோசித்தாள். மனம் கலைந்தால் ஒளித்தூண் மறையும். அடித்தாள், அடி பட்டது, ஆனால் சூனியக்காரியின் மனம் கலையவில்லை. பிறகு தம்பியின் முறை. முறையை ஒளிக்குள் தொடங்குகிறான், ஆகவே மீண்டும் சேதம். நினைவிழந்து கிடப்பவருக்குச் சேதம் விளைந்தால் மரணத்தை நோக்கி ஒரு தோல்வி எழுதப்படும்; மூன்று தோல்வி என்றால் இறப்பு. அதோடு, அப்படிக் கிடப்பவர் தம் முறையின் தொடக்கத்தில் உயிருக்காக ஒரு பகடை உருட்ட வேண்டும். அதில் 1 விழுந்தால் இரண்டு தோல்வி. தம்பி உருட்டினான். பகடை மேசை ஓரத்தில் இருந்த தட்டில் மோதி நின்றது. 1.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவன் குறிப்பேட்டை எடுத்து, விரலை வரியின்மேல் வைத்துப் படித்தான். நிமிர்ந்து கேட்டான்: "அக்கா, இதுல 'உள்ளாகும்போது'ன்னு போட்டிருக்கீங்க. இங்கிலீஷ் புக்ல 'என்டர்ஸ்'னு இருக்கு. நான் என்டர் ஆகலையே. நான் சும்மாதானே நின்னேன். ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணுதாம்ப்பா" என்றேன். "அது மொழிபெயர்ப்பு. தமிழ்ல அப்படித்தான் சொல்லணும்."

அவன் மேலும் கேட்கவில்லை. தமிழில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இந்த ஏற்பாட்டின்மேல்தான் அந்தக் குறிப்பேடே எழுதப்பட்டிருந்தது. பகடைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "வரேன்க்கா" என்று மாடிக்குப் போனான். அடுத்த சனிக்கிழமை தேர்வு என்றான். அதற்கடுத்த சனிக்கிழமை காரணம் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஆய்வேட்டின் ஓர் இயலைத் திருத்திக்கொண்டிருந்தேன். வினையெச்சங்களின் எழுவாய் பற்றிய பகுதி அது. தொல்காப்பியம் வினையியலில் வினையெச்ச வாய்பாடுகளை அடுக்கிச் சொல்லி, அவற்றுள் 'செய்து' முதலான மூன்றும் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்று பிரித்துக் காட்டுகிறது. செய்பவர் யார் என்ற கேள்வியை அந்தப் பழைய நூல் எவ்வளவு கவனமாகக் கேட்கிறது என்று ஒரு வாக்கியம் எழுதினேன். எழுதி முடித்தபோதே மாடிவீட்டுத் தம்பியின் குரல் காதில் கேட்டது. நான் சும்மாதானே நின்னேன்.

'நுழை' என்ற வினைக்கு எழுவாயாக வருபவர் வினைமுதல். அவர் இடம்பெயர்கிறார், வெளியே இருந்தவர் உள்ளே வருகிறார். தாமாகவும் வரலாம், தள்ளப்பட்டும் வரலாம். எப்படியாயினும் பெயர்வது அவர் உடல். 'உள்ளாகு' என்பதற்கு எழுவாயாக வருபவர் எதையும் செய்ய வேண்டியதில்லை, அசையவும் வேண்டியதில்லை. அவர்மேல் ஏதோ ஒன்று வந்து கவிந்தால் போதும். நுழைவில் நகர்பவர் யார் என்பது உறுதி. உள்ளாவதில் அது சொல்லப்படுவதே இல்லை. திருடன் ஒளிக்கு உள்ளானான், உண்மை. ஆனால் அவன் ஒளிக்குள் நுழையவில்லை. ஒளிதான் அவன்மேல் வந்தது. 2014 பதிப்பின் ஆசிரியர் குழு அதிகாரபூர்வ விளக்கத்திலேயே இதைத் தெளிவுபடுத்தியிருந்தது: நிலாக்கற்றையை ஒருவர்மேல் உருவாக்குவதோ நகர்த்துவதோ அவர் நுழைந்ததாக ஆகாது, அவர் தம் முறையை அங்கே தொடங்கினால்தான் சேதம்.

அந்த விதிப்படி ஆடியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒளி திருடன்மேல் வருகிறது, சேதம் இல்லை. பூசாரியின் முறையில் திருடன் ஏழு புள்ளிகளோடு நின்றுகொண்டிருக்கிறான். அவன் நின்றிருந்தால் முதல் வேலையாக அவனை வெளியே இழுத்திருப்பேன் என்று தோழி அன்றிரவே சொல்லியிருந்தாள். இழுக்காமல் விட்டிருந்தாலும், தன் முறையின் தொடக்கத்தில்தான் அவன் விழுந்திருப்பான். அந்த முறையிலேயே இறந்திருக்க முடியாது. தீங்கு வந்து நிற்பதற்கும் அது சுடுவதற்கும் இடையே தோழர்கள் செயல்பட ஓர் இடைவெளியை அந்த விதி வைத்திருந்தது. 1978-இன் மெதுவான மந்திரங்களில் இருந்த இடைவெளிதான், வேறு உருவில். என் அழகான சொல் அந்த இடைவெளியை மூடிவிட்டது; அதோடு ஒரே சுற்றில் ஒரே ஒளியால் அவனை இருமுறை சுட்டது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எளிது. 2024 செப்டம்பரில், அதாவது திருடன் இறந்த அடுத்த மாதம், ஆட்டத்தின் திருத்தப்பட்ட விதிநூல் வெளியாகியிருந்தது. என் பிழையைக் கண்டுகொண்ட அன்றுதான் அதில் நிலாக்கற்றையைத் தேடிப் படித்தேன். விதி மாறியிருந்தது. ஒளித்தூண் தோன்றும்போது அதற்குள் இருப்பவர்க்குச் சேதம். அது ஒருவர் இருக்கும் இடத்துக்குள் நகர்ந்து வந்தாலும் சேதம். அவர் நுழைந்தாலும் சேதம். முறையை அங்கே முடித்தாலும் சேதம். எந்த முறையிலும் ஒருதடவைக்கு மேல் இல்லை. 'உள்ளாகு' என்று நான் எழுதியதைத்தான் புதிய நூல் விரித்து எழுதியிருந்தது.

என் முதல் உணர்வு நிம்மதி. இதையும் மறைக்க விரும்பவில்லை. ஆசிரியர்களே என் பக்கம் வந்துவிட்டார்கள் என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். கணக்கும் போட்டுப் பார்த்தேன். அதே பகடைகள் அதே வரிசையில் விழுந்திருந்தால், புதிய விதிப்படியும் திருடன் இறந்திருப்பான்: ஒளி வந்ததும் விழுவான், தன் முறையின் தொடக்கத்தில் 1 உருட்டி இரண்டு தோல்வி பெறுவான், முறையின் முடிவில் ஒளி சுட்டு மூன்றாவது. ஆக, முடிவு சரிதான் என்று தம்பியிடம் சொல்லிவிடலாம். பிழையைச் சொல்லவே தேவையில்லை.

தொடக்கம் முடிவாக மாறியதையும் கவனித்தேன். பழைய விதியில், ஒளிக்குள் அகப்பட்டவரைத் தோழர்கள் காப்பாற்றலாம். ஆனால் தம் முறை வந்ததும், அடியெடுத்து வைக்குமுன் அவர் சுடப்படுவார். புதிய விதியில் ஒளி வந்த கணமே சுடும். ஆனால் அதன்பின் நினைவோடு இருந்தால், தம் முறையில் தாமே வெளியேறி அடுத்த அடியைத் தவிர்க்கலாம். முன்னது பிறருக்கு வாய்ப்பளிக்கிறது, பின்னது அகப்பட்டவருக்கே வாய்ப்பளிக்கிறது. எது நல்ல விதி என்று இரவெல்லாம் வாதிக்கலாம். இரண்டுமே ஏதோ ஓரிடத்தில் யாருக்கோ ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. ஒளி வந்தவுடனும் சுட்டு, முறை தொடங்கும்போதும் சுட்டு, இரண்டு வழியையும் அடைத்த விதி மூன்றாவது ஒன்று. அது என் குறிப்பேட்டில் மட்டுமே இருந்தது.

மேலும், என் பிழை திருடன் இறந்தது மட்டுமன்று. ஒரு மாணவன் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்து, வினைச்சொல்லைச் சுட்டி, எழுவாய் அசைந்ததா என்று கேட்டான். என் துறையில் முதுகலை வகுப்பில் யாரேனும் அப்படிக் கேட்டிருந்தால் நான் எழுந்து நின்று பாராட்டியிருப்பேன். பதினைந்து வயதில், எழுத்துக்கூட்டிப் படிக்கும் மொழியில் அவன் அதைக் கேட்டான். தமிழில் அப்படித்தான் சொல்லணும் என்று நான் வாயடைத்தேன். அவன் கேள்விக்கான விடை எனக்கு அப்போது தெரியாமல் இருந்தது மன்னிக்கத்தக்கது. தெரியாது என்பதே தெரியாத அளவுக்கு விரைவாக நான் பதில் சொன்னேன். அந்த விரைவு என் பட்டத்திலிருந்து வந்தது.

மாடிக்குப் போனேன். அவன் அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். குறிப்பேடு அவன் மேசையில், பள்ளிப் புத்தகங்களுக்கு அடியில் இருந்தது. அதைத் திறந்து, நீ கேட்டது சரி, இரண்டும் ஒன்றல்ல, நான் தவறான சொல்லைப் போட்டுவிட்டேன் என்று நுழைவுக்கும் உள்ளாவதற்கும் உள்ள வேறுபாட்டை முழுவதும் சொன்னேன். புதிய நூலில் விதி மாறியிருப்பதையும், அதன்படி அவன் இறந்திருப்பான் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அதை மறைத்தால் இன்னொரு பொய்யாகிவிடும்.

கொஞ்ச நேரம் குறிப்பேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்குத் தெரியும்க்கா" என்றான். "மறுநாளே இங்கிலீஷ்ல பார்த்துட்டேன். மூவ் பண்ணா டேமேஜ் இல்லைன்னு போட்டிருந்தது."

"அப்ப ஏம்ப்பா சொல்லலை?"

"நீங்கதான் தமிழ்ல அப்படித்தான்னு சொன்னீங்களே. தமிழ்ல விதி வேறயோன்னு நெனச்சேன்."

அவன் கிண்டல் செய்யவில்லை. மொழி மாறினால் விதியும் மாறும்போலும் என்று உண்மையாகவே நினைத்திருக்கிறான். தமிழ் என்பது கேள்வி கேட்க முடியாத, வேறு நியாயம் உள்ள இடம் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். வாசிப்பைக் கொடுக்கப் போய், அதோடு இதையும் கொடுத்திருக்கிறேன். பழந்தமிழில் 'முறை' என்றால் நீதி என்றும் பொருள். அரசன் முறைசெய்வான், குடிகள் முறையிடுவார்கள். இந்தப் பையன் முறையிட்டபோது நான் மொழிபெயர்ப்பைக் காட்டித் திருப்பி அனுப்பியிருந்தேன்.

திருடனை உயிர்ப்பித்துவிடலாம், அந்தச் சண்டையை மறுபடி ஆடலாம் என்றேன். வேண்டாம் என்றான். எல்லோரும் பார்க்கச் செத்தவன், திரும்பி வந்தால் நன்றாயிருக்காதாம். வேறொன்று கேட்டான்: குறிப்பேட்டைத் தானே திருத்தலாமா என்று. பேனா எடுத்து, 'உள்ளாகும்போதும்' என்பதை ஒரு கோடிட்டு அடித்து, மேலே 'தான் நுழையும்போதும்' என்று எழுதினான். 'நுழையும்' என்பதில் ழகரத்துக்குப் பதில் முதலில் லகரம் போட்டு, தானே பார்த்துத் திருத்தினான். அந்தத் 'தான்' தேவையா, எழுவாய்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்று எனக்குள் இலக்கணக்காரி முனகினாள். வாயை மூடிக்கொண்டேன். பிறகு யோசித்தபோது, அந்தச் சொல் மிகையாக இல்லை என்று தோன்றியது. ஒளி நுழைவதையும் ஆள் நுழைவதையும் பிரித்துக் காட்டுவது அதுதான்.

இப்போது மீண்டும் சனிக்கிழமைகளில் வருகிறான். அவனுடைய புதிய கதைமாந்தர் ஒரு கிழவி, வழக்கறிஞர். புதிய விதிநூலுக்கு ஏற்பக் குறிப்பேட்டின் இரண்டாம் பதிப்பைச் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். வரைவை அவன் எழுதுகிறான், நான் எழுத்துப்பிழை மட்டும் பார்க்கிறேன். நிலாக்கற்றைக்கான வாக்கியம் இன்னும் முடியவில்லை. ஒளி ஒருவர் இருக்கும் இடத்துக்குள் வருவதையும், ஒருவர் ஒளிக்குள் போவதையும் இரண்டு தனி வினைகளாக எழுத வேண்டும் என்பதில் அவன் உறுதியாக இருக்கிறான். 'உள்ளாகு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாமே, இப்போது அது சரியாகத்தானே இருக்கிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"வேண்டாம்க்கா" என்றான். "யார் நகர்ந்தாங்கன்னு எழுதிடுவோம்."

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆட்டத்தில் நம் வாய்ப்பைக் குறிக்க உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் 'முறை' தவிர வேறு சொல் புழங்கினால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். 'ஒரு முறையில் முதன்முதலாக' என்பதை இரண்டாம் பதிப்பில் அவன் எப்படியும் கேள்வி கேட்பான். இந்த முறை விடையோடு இருக்க விரும்புகிறேன்; இல்லையென்றால், தெரியாது என்று சொல்லவாவது.